எலிக்குக் கண்மை இட்ட ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன்னால், செம்பவாங்கில் எங்கள் ஃபிளாட்டின் குளியலறையில், என் மனைவி ஒத்திகைக்காக ஓர் எலியின் நெற்றியில் கண்மை வைத்துக்கொண்டிருந்தாள். எலியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். "தலையை ஆட்டாம பிடிங்க" என்றாள். எலி என் கட்டைவிரலை நக்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் மடிக்கணினி திறந்து கிடந்தது. பத்து மணிக்கு மெல்பர்னிலிருந்து மகள் அழைப்பாள். அவள் அழைக்கும்போது வீட்டில் இரண்டு எலிகள் இருந்தாகவேண்டும். இருந்தது ஒன்றுதான்.

இந்த நிலைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்வதற்கு முன், எனக்கும் எலி இனத்துக்கும் இருந்த பகையைச் சொல்லவேண்டும். லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையின் கிடங்கில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். உளுந்து மூட்டையில் விழுந்த ஓட்டையைப் பார்த்தால், அதைப் போட்டது நேற்றைய எலியா போன வார எலியா என்று சொல்லிவிடுவேன். பசை அட்டை, கம்பிக் கூண்டு எல்லாம் வைத்துப் பார்த்தவன். எலிக்குக் கருவாடுதான் பிடிக்கும் என்பதெல்லாம் கதை. எங்கள் கடை எலிகள் கடலைமிட்டாய்க்குத்தான் வந்தன. சோதனைக்கு வருகிற அதிகாரியின் கண்ணில் ஒரே ஒரு புழுக்கை பட்டால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான். அந்தப் பயத்தோடுதான் தினமும் ஷட்டரைத் திறக்கிறோம்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு மகள், பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலணிப் பெட்டியோடு வந்தாள். உள்ளே இரண்டு வெள்ளை எலிக் குட்டிகள்.

"அப்பா, கத்தாதீங்க" என்றாள். நான் அதுவரை வாயையே திறக்கவில்லை. அப்புறம்தான் கத்தினேன்.

"நாள் பூரா அங்க எலிய வெரட்டிட்டு வர்றேன். நீ இங்க விருந்தாளியாக் கூட்டிட்டு வர்றியா?"

"இது வேற எலிப்பா. வளக்குற எலி."

"அதுங்களுக்கு இதுங்க சொந்தக்காரங்கதான?"

என் மனைவி சாப்பாட்டு நாற்காலியின் மேல் ஏறியவள், பெட்டியை மூடிய பிறகும் இறங்க மறுத்துவிட்டாள். அன்றைய பேச்சுவார்த்தையில் அவள் பங்கு முழுவதும் அந்த உயரத்திலிருந்தே நடந்தது. எங்கள் இருவர் கட்சியும் தோற்றது. மகள் வைத்த ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஒன்று சற்றுப் பெரிது. அதன் நெற்றியில், பிறக்கும்போதே யாரோ திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பியதுபோல், கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. அது பெரியவள். பொட்டில்லாதது சின்னவள். இரண்டும் அந்தப் பெயர்களுக்கே ஓடி வந்தன. கையில் பட்டாணி இருந்தால் எந்தப் பெயருக்கும் வரும் என்று மகள் கடுப்போடு சொன்னாள்.

அடுத்த வருஷம் அவள் படிக்க மெல்பர்ன் போனாள். எலிகள் எங்கள் தலையில் விழுந்தன. போகுமுன் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினாள். வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது வெளியே விடவேண்டும். நீங்களாகப் போய்த் தொடாதீர்கள், அதுவாக வரட்டும். எலி இரண்டு மூன்று வருஷம்தான் வாழும் என்பது கடைசி வரி. கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

முதல் வாரம் நான் ஜெயில் வார்டன் மாதிரி தட்டை உள்ளே தள்ளிவிட்டு வந்துவிடுவேன். நான் கிட்டே போனாலே இரண்டும் மூலையில் போய் ஒண்டும். மகளிடம் புகார் செய்தேன். "உங்க மேல என்ன வாசனை அடிக்குதுன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். மிளகாய்த்தூள், பெருங்காயம், சாக்கு. அன்றிலிருந்து கடை விட்டு வந்ததும் குளித்துவிட்டுத்தான் கூண்டுப் பக்கம் போனேன். எனக்காக இப்படி ஒரு நாளாவது குளித்ததுண்டா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

அப்புறம் பட்டியலில் சொன்னபடி, தொலைக்காட்சியில் செய்தி ஓடி முடிகிறவரை கையைக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். நாலாம் நாள் சின்னவள் வந்து என் ஆள்காட்டி விரலை இரண்டு கைகளாலும் பிடித்து, பல்லால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள். கடிக்கவில்லை. ஆறாம் நாள் அந்த விரலை இழுத்துக்கொண்டுபோய்த் தன் படுக்கைக்குள், பட்டாணிகளோடு சேர்த்து வைக்கப் பார்த்தாள். கை என்னோடு ஒட்டியிருந்தது அவளுக்குப் பெரிய ஏமாற்றம். அடுத்த வாரம் என் தோள்மேல் ஏறினாள். ஏறும்போதே சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டுக்கொண்டு போனாள். நான் திட்டியதை ஃபோனில் கேட்டு மகள் சிரித்தாள்.

"உங்களத் தன்னோடதுன்னு குறிச்சு வெக்கிதுப்பா. அன்புலா."

அப்படியானால் இருபத்தாறு வருஷம் அரிசி மூட்டைகளில் நான் துடைத்த ஈரமெல்லாம் கையெழுத்துகளா? எத்தனை பேர் கையெழுத்தை அழித்திருக்கிறேன்!

ஒரு நாள் என் மடியில் படுத்திருந்த சின்னவள் பற்களை நறநறவென்று கடித்தாள். கண்கள் இரண்டும் வெளியே வந்து உள்ளே போய், வந்து போய், துடித்தன. போச்சு, சாகப் போகிறது என்று பதறி, வகுப்பில் இருந்த மகளை அழைத்தேன். அவள் வெளியே ஓடி வந்து கேட்டுவிட்டு, "அது சந்தோஷமா இருக்குப்பா. ரொம்ப நிம்மதியா இருந்தா பல்லக் கடிக்கும், கண்ணு அப்படித் துள்ளும்" என்றாள். சொந்தபந்தம் நிறைய உள்ளவன் நான். என்னைக் கண்டு ஒருவருக்கும் இதுவரை கண் துள்ளியதில்லை.

மனைவியை நாற்காலியிலிருந்து இறக்கியது பெரியவள். மனைவியின் கொண்டை ஊசிகளைத் திருடிக்கொண்டுபோய்க் கூண்டில் அடுக்கினாள். இவள் எடுத்து வந்தால் மறுநாள் அவள் திரும்ப எடுத்துப் போனாள். எலியும் பூனையுமாக இருந்தவர்கள் இப்படித் திருடித் திருடியே தோழிகளானார்கள். கொஞ்ச நாளில் மனைவியின் நைட்டிப் பையில் பெரியவள் குடியேறிவிட்டாள். இவள் ரசம் தாளிக்கும்போது அங்கிருந்து ஒரு மூக்கு வெளியே வந்து தும்மும்.

ஞாயிறுதோறும் மகள் காணொளியில் வருவாள். இரண்டு எலிகளையும் காட்டவேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல இது நடக்கும்.

இரண்டாவது வருஷத்தில், அவளுக்குப் பரீட்சை தொடங்க நான்கு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, பெரியவள் செத்துப்போனாள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. கால்நடை டாக்டர் கொடுத்த மருந்தைத் தயிரில் கலந்து கொடுத்தோம். மூச்சு விடும்போது சின்னதாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. என் மனைவியின் மடியில்தான் போனாள். சின்னவளைக் கிட்டே விட்டோம். அவள் பெரியவளின் காதை முகர்ந்து, முகத்தை நக்கிச் சுத்தம் செய்து, பக்கத்தில் கிடந்த துணியை இழுத்து மேலே போட்டாள். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். தாழ்வாரத்தில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் பெரியவளைப் புதைத்தோம், கொண்டை ஊசி ஒன்றையும் கூட வைத்து.

"அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"பரீட்சை முடியட்டும்" என்றேன் நான்.

எங்கள் குடும்பங்களில் சாவுச் செய்தி பரீட்சைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். யார் இந்தச் சட்டத்தைப் போட்டார்கள் என்று தெரியாது, எல்லாரும் கடைப்பிடிக்கிறோம். பிள்ளை நன்றாக எழுதவேண்டுமே! மகள் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதியபோது என் அண்ணன் இறந்துபோனார். சுவா சூ காங்கில் தனியாக இருந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். சனிக்கிழமை தவறாமல் அவளுக்குக் கரிபாப் பலகாரப் பொட்டலத்தோடு வருவார். அவளுக்கு நாங்கள் என்ன சொன்னோம்? பெரியப்பா ஊருக்குக் கோயில் சுற்றப் போயிருக்கிறார் என்று சொன்னோம். பத்தொன்பது நாள் சொன்னோம். தகனத்துக்குப் போய்விட்டு வந்து, கடையில் சரக்கு இறக்கினேன் என்று சொல்லி அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவள் அவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவருடைய ஃபோன் என்னிடம் இருந்தது. கணக்குப் பரீட்சை அன்று காலை, "பெரியப்பா, இன்னைக்கு மேத்ஸ். வேண்டிக்கோங்க" என்று வந்தது. பதில் போகாவிட்டால் சந்தேகப்படுவாளே என்று ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பினேன். பரீட்சை முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். ஃபோனை எடுத்து, செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போய், "இந்தக் கட்டவிரல் யாரோடது?" என்று கேட்டாள். நான் என்னுடையது என்றேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசியபோது ஒரு சத்தியம் வாங்கினாள். இனி யார் செத்தாலும் அன்றே அவளிடம் சொல்லவேண்டும். சத்தியம் செய்தேன். இன்னொரு முறை பொய் சொன்னால் என் வாயிலிருந்து வரும் எதையும் நம்பமாட்டேன் என்றும் சொன்னாள்.

இதையெல்லாம் மனைவி எனக்கு நினைவூட்டினாள்.

"அது மனுஷங்களப் பத்திக் குடுத்த சத்தியம். எலியப் பத்தி யாரும் பேசல" என்று வாதாடினேன்.

"எனக்குப் பொய் சொல்ல வராது. நான் கேமரா முன்னாடி வரமாட்டேன். அவ ஃபோன் பண்ணா எடுக்கவும் மாட்டேன். வேணும்னா எலியப் பிடிச்சுக்கறேன்."

வேலைப் பங்கீடு முடிந்தது. பொய் என்னுடையது, ஒப்பனை அவளுடையது.

பெரியவள் தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த யோசனை எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது கண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புறப்படுகிறவனுக்குச் சோறு போதுமா என்ற கவலைதான் இருக்கும், பூசணிக்காயை வெளியே வைக்கலாம் என்று தோன்றாது. விளக்கெண்ணெயில் செய்த மை, நாக்கில் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று மனைவி உறுதி கொடுத்தாள்.

முதல் ஞாயிறு. மகள் திரையில் வந்ததும் கேட்டது, "அம்மா எங்க?"

"குளிக்கிறா" என்றேன். குளியலறையில்தான் இருந்தாள், பாதி உண்மை. சின்னவளைக் காட்டினேன். "இரு, இவள விட்டுட்டுப் பெரியவளக் கொண்டு வர்றேன்" என்று எலியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். மனைவி மை டப்பாவோடு தயாராக இருந்தாள். ஒரு பொட்டு. திரும்ப ஓடி வந்தேன். "இந்தா பெரியவ!" பெரியவளாக நடித்தவள் தன் நெற்றியைத் துடைக்கக் கையை உயர்த்தும் முன்பே கேமராவிலிருந்து விலக்கிவிட்டேன். மகள் எலியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நடிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

"அம்மா இன்னுமா குளிக்கிறாங்க?"

"தலைக்குக் குளிக்கிறா."

அந்த வாரம் மகள் அம்மாவுக்கு ஃபோன் செய்தபோதெல்லாம் இவள் எடுக்கவில்லை. "ஏம்மா எடுக்கல?", "நல்லாருக்கீங்களா?" என்று செய்திகள் வந்தன. பொய்யை எழுதவும் கை வராது என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தட்டினாள். பரீட்சைக் காலத்தில் சுருக்கமாக இருப்பது நல்லதுதான் என்று நானும் சொன்னேன்.

இதற்கிடையில் சின்னவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். பெரியவள் படுத்த மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக வடிந்தது. ரத்தம் என்று பதறித் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் சீனப் பெண்மணி, பொறுமைசாலி. அது ரத்தமில்லை, எலி துன்பத்தில் இருந்தால் கண்ணீர் இப்படிச் சிவப்பாக வரும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். உடம்பில் ஒன்றுமில்லை, துணை வேண்டும், தனியாக விட்டால் ரொம்ப நாள் தாங்காது என்றார். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பழமொழி சொன்னவர் எந்த எலியையும் கேட்டுச் சொல்லவில்லை. டாக்சியில் திரும்பினோம். என் சட்டைப் பைக்குள் சின்னவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஞாயிறு அவளைக் காட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது. முகத்தைத் துடைத்து, பொட்டில்லாமல் ஒரு முறை, பொட்டோடு ஒரு முறை காட்டினேன். மகளும் கண்ணைச் சுற்றிக் கறுத்து, இளைத்திருந்தாள். படிப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா எங்க?"

"எண்ணெ தேச்சுக் குளிக்கிறா."

"ஞாயித்துக்கிழமையா?"

"லீவு நாள்லதான முடியும்?"

"சரிப்பா" என்று சொல்லித் துண்டித்தாள்.

செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுப் பாசிர் ரிஸ் போனோம். அங்கே ஒரு தமிழ் முஸ்லிம் அம்மா எலி வளர்த்து, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கிறார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று மனைவி ஒரு தட்டில் வாழைப்பழம், ஆப்பிள், மல்லிகைப்பூ எல்லாம் எடுத்துக்கொண்டாள். ரயிலில் எதிரே இருந்த பெண் எங்களைப் பார்த்து, "பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இது பொய்யுமில்லை.

அந்த அம்மா சோபாவில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கேள்வி கேட்க ஆரம்பித்தார். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், பகலில் யார் பார்ப்பார்கள், கூண்டு எத்தனை அடி, என்ன வேலை? மளிகைக் கிடங்கு என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அங்க எலி வந்தா என்ன செய்வீங்க?"

"அது வேறம்மா" என்றேன். என் மகளின் வாதத்தை நானே சொல்லவேண்டி வந்தது.

"முன்னாடி இருந்தது எப்படிப் போச்சு? மறைக்காம சொல்லணும், தம்பி."

எனக்கு ஐம்பத்து நாலு வயது. தம்பி என்று கூப்பிட்டதும் எனக்குள் எதுவோ உடைந்தது. சளி, தயிர், கறிவேப்பிலைத் தொட்டி, கண்மை, மகள், எல்லாவற்றையும் முன்பின் தெரியாத அவரிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "புள்ளைகிட்ட சொல்லிடுங்க" என்றார். "எலியவே ஏமாத்த முடியாது. வாசன புடிச்சிரும். புள்ள எம்மாத்திரம்?" பரீட்சை முடிந்ததும் சொல்லிவிடுவேன் என்றேன்.

எலியை ஒன்றாகக் கொடுக்கமாட்டேன் என்று நின்றார். "உங்க கெழவி எலி போனா அப்புறம் இது ஒத்தையா நிக்கும்லா. ரெண்டா எடுத்துட்டுப் போங்க." இரண்டு வெள்ளைக் குட்டிகளைக் கொடுத்தார். பழகும்வரை எல்லோர் மேலும் ஒரே வாசனை இருக்கட்டும், கேக்கில் போடுவார்களே அந்த வனிலாவை ஒரு சொட்டுத் தடவுங்கள், யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் வைத்துச் சந்திக்க விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் வீட்டில் வனிலா இல்லை. பன்னீர் இருந்தது. குளியல் தொட்டியில் துண்டை விரித்து, கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல மனைவி மூன்று பேர் முதுகிலும் பன்னீர் தடவி உள்ளே விட்டாள். சின்னவள் குட்டிகளைப் புரட்டிப் போட்டு, அமுக்கிப் பிடித்து, கதறக் கதற நக்கினாள். கொல்கிறாள் என்று நான் கத்தினேன். தலை வாரிவிடும்போது நம் மகளும் இப்படித்தான் கத்தினாள் என்றாள் மனைவி. வெள்ளிக்கிழமை மூன்றும் ஒரே குவியலாகத் தூங்கின. சின்னவள் பட்டாணி தின்றாள். நானும் அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது ஞாயிறு எங்களுக்குக் கணக்கு இடித்தது. முதலில் இரண்டு இருந்தது. ஒன்று செத்தது. இப்போது மூன்று இருக்கிறது. இதை இரண்டாகக் காட்டவேண்டும். சின்னவளைக் காட்டிவிட்டுக் குளியலறைக்கு ஓடினேன். மனைவி பொட்டு வைத்தாள். வைத்த மறுகணம் ஒரு குட்டி அவள் கைமேல் ஏறி அதை நக்கியது. இன்னொன்றும் வந்தது. திரும்பப் பொட்டு, திரும்ப நக்கல். சின்னவள் பதிலுக்குக் குட்டிகளை நக்கினாள். கடைசியில் மூன்று எலிகளுக்கும் மூக்கு, மீசை எல்லாம் கறுப்பு. "அப்பா?" என்று கூடத்திலிருந்து குரல் கேட்டது. மூடாத கதவு வழியே ஒரு குட்டி பாய்ந்தது. கூடத்தைக் கடந்து, நாற்காலியில் ஏறி, மேசைக்குத் தாவி, மடிக்கணினியின் விசைகள்மேல் போய் நின்று, கறுத்த மூக்கைத் திரைக்கு நேரே நீட்டியது.

நான் மூச்சிரைக்க வந்து நின்றேன். ஏதாவது சொல்லியாகவேண்டும்.

"பெரியவ... கொஞ்சம் எளைச்சுட்டா" என்றேன்.

மகள் குட்டியைப் பார்க்கவே இல்லை.

"அப்பா, எலிய விடுங்க. அம்மா எங்க?"

"குளி..."

"மூணு வாரமாவா?" அவள் குரல் உடைந்தது. "ஃபோன் பண்ணா எடுக்கல. மெசேஜ் போட்டா வெறும் கட்டவிரல் வருது. பெரியப்பாகிட்டருந்து வந்த மாதிரியே. அப்பா, அம்மா உயிரோட இருக்காங்களா இல்லையா?"

மனைவிக்கு அது கேட்டிருக்கவேண்டும். நனைந்த நைட்டியோடு, விரலெல்லாம் மையோடு, தோளில் சின்னவளோடு ஓடி வந்து திரைக்கு முன் நின்றாள்.

"கிட்ட வாங்கம்மா. பேசுங்க. ஏதாவது பேசுங்க."

பொய் சொல்லத் தெரியாத அவளுக்குப் பேசுவதற்கு ஒரு விஷயம்தான் இருந்தது. "பெரியவ செத்துட்டாடா கண்ணு. பதினேழு நாளாச்சு."

மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். எலிக்காக அழுகிறாள் என்று நினைத்து, "அதுக்கு வயசாயிடுச்சும்மா, நல்ல சாவுதான்" என்று தேற்றப் போனேன்.

"பெரியவளுக்கு அப்புறம் அழறேன்ப்பா. இப்ப அம்மாவக் கொஞ்ச நேரம் பாக்க விடுங்க."

மனைவி உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மகள் சொன்னாள். முதல் ஞாயிறே சந்தேகம் வந்துவிட்டதாம். கேட்டாலும் சொல்லமாட்டார்கள், பரீட்சை முடிந்தால்தான் சொல்வார்கள் என்று தெரியுமாம். "அதான் வேகவேகமா எழுதுனேன். முடிச்சாச் சொல்லிடுவீங்கல்ல."

நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். மூன்று வாரம் என் மகள் ஓர் எலியையும் பார்க்கவில்லை. தாயைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் நன்றாக எழுதவேண்டும் என்பதற்காக அவளைத் தாயில்லாத பிள்ளையாக்கிப் பரீட்சைக்கு அனுப்பியிருக்கிறேன். என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. குட்டிக்கு அதெல்லாம் தெரியாது. என் சட்டைக்குள் நுழைந்து, சொட்டுச் சொட்டாகக் கையெழுத்துப் போட்டது.

அதன்பின் ஞாயிறுகளில் முதலில் அம்மா, அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கேமரா முன்னால் உட்காரவேண்டும் என்று மகள் உத்தரவு போட்டாள். பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். நாங்கள் ஒரு வாரமும் தவறவில்லை. அம்மாவுக்கு அடுத்து நான், அப்புறம்தான் எலிகள்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பகலில் மனைவி கடைக்கு ஃபோன் செய்தாள். சின்னவள் தூக்கத்திலேயே போய்விட்டாளாம், குட்டிகள் இரண்டும் ஒட்டிப் படுத்திருந்தனவாம். அன்றைக்கும் மகளுக்குப் பரீட்சைக் காலம்தான். கிடங்கில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றபடியே அவளை அழைத்தேன்.

"அம்மா நல்லாருக்கா. நானும் நல்லாருக்கேன்" என்று முதலில் சொன்னேன். இப்போது எங்கள் வீட்டில் எந்தச் செய்தியும் இப்படித்தான் தொடங்கும். "சின்னவ போயிட்டா."

"எப்ப?"

"இப்பதான். பத்து நிமிஷமாச்சு."

"பத்து நிமிஷமா?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள். இந்த முறை எலிக்காகவே அழுதாள், ஆற அமர அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. மூட்டைமேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். கடையில் என்னோடு வேலை பார்ப்பவர் ஓடி வந்தார்.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

"எலி செத்துப்போச்சு."

அவர் முகம் மலர்ந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு, "எந்த மூட்டையில?" என்று குனிந்து தேடத் தொடங்கினார்.

ஃபோனுக்குள் மகள் அழுகையோடு சிரித்துவிட்டாள். "அப்பா, அவர்கிட்ட சொல்லுங்கப்பா."

"அது வேற எலிப்பா" என்று அவரிடம் சொன்னேன்.